எபியூசியோஸ்: ‘அனுதின உணவு’ என்ற சொல்லுக்கு அடியில் கிடக்கும் கிரேக்கப் புதிர்

கேள்வி இது: இயேசு கற்பித்த செபத்தின் ஒரு வரியைச் சீர்திருத்த சபைகளில் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று செபிக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் ‘எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்’ என்கிறார்கள். ‘வேண்டிய’ என்பதற்கும் ‘அனுதின’ என்பதற்கும் பொருள் வேறு. அப்படியானால் கிரேக்க மூலத்தில் என்ன சொல் இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம்?

மூலத்தில் இருப்பது ‘எபியூசியோஸ்’ என்ற பெயரடை. அது ‘அனுதின’ என்று நேரடியாகச் சொல்லவில்லை. ‘வேண்டிய’ என்றும் நேரடியாகச் சொல்லவில்லை. இலக்கணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘வரும் நாளுக்கான’ என்பதே மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது. இதை ஏன் இவ்வளவு தயங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மத்தேயு 6:11இல் அந்த வரி இப்படி வருகிறது: ‘தொன் ஆர்தொன் ஹேமோன் தொன் எபியூசியொன் தொஸ் ஹேமின் ஸேமெரொன்’. சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘அப்பத்தை, எங்களுடையதை, அந்த எபியூசியொனை, தாரும் எங்களுக்கு இன்று’. லூக்கா 11:3இலும் அதே சொல். மாற்குவிலும் யோவானிலும் இந்தச் செபமே இல்லை. புதிய ஏற்பாட்டுக்கு வெளியே, ஆதித் திருச்சபையின் ஒழுங்குமுறை நூலான ‘திதாகே’யின் 8ஆம் அதிகாரத்தில் இதே செபம் இருக்கிறது, தினமும் மூன்று முறை இப்படிச் செபியுங்கள் என்ற கட்டளையும் கூடவே இருக்கிறது. இந்த மூன்று இடங்களையும், இவற்றுக்கு உரை எழுதியவர்களையும் தள்ளிவிட்டால் பழைய கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதியான ஆட்சி கிடையாது. ஹோமரில் இல்லை, நாடகங்களில் இல்லை, எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இல்லை.

இது இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த சங்கதி என்று எண்ண வேண்டாம். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஓரிகன், செபத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்லிவிட்டார்: இந்தச் சொல்லைக் கிரேக்க அறிஞர் எவரும் ஆளவில்லை, பாமரர் பேச்சிலும் இது இல்லை, நற்செய்தியாளர்களே உருவாக்கியது போலத் தெரிகிறது என்றார். ஓரிகன் கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசியவர், பெரும் படிப்பாளி. அவரே கேள்விப்படாத சொல் என்றால் அதை லேசில் தள்ள முடியாது.

ஒரு சொல்லின் பொருளைப் பொதுவாக அது புழங்கும் இடங்களை வைத்துத்தான் தீர்மானிப்போம். புழக்கமே இல்லாத சொல்லுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மிச்சமிருப்பது இரண்டு வழிகள்: சொல்லைப் பிரித்துப் பார்ப்பது, பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பார்ப்பது.

பிரித்துப் பார்ப்போம். முன்னால் நிற்பது ‘எபி’ என்ற முன்னொட்டு. ‘மேல், மீது, நோக்கி, பொருட்டு’ என்று பல பொருள் தரும். பின்னால் வருவதில்தான் தகராறு.

முதல் வழி: எபி + ஊசியா. ஊசியா என்றால் ‘இருப்பு, உள்பொருள்’. பேச்சு வழக்கில் ‘சொத்து’ என்றும் பொருள். கி.பி. 325இல் நிசேயா சங்கத்தில், தந்தையும் மகனும் ‘ஒரே பொருளானவர்’ என்று சொல்ல எடுத்தாண்ட ‘ஹோமோஊசியோஸ்’ என்ற சொல்லிலும் இதே ஊசியாதான் இருக்கிறது. இந்த வழியில் போனால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, ‘உயிர் தரித்திருப்பதற்கு வேண்டிய’ அப்பம். இன்னொன்று, ‘இயற்பொருளுக்கு மேற்பட்ட’ அப்பம். முதலாவது சோற்றுப்பானைக்கு இட்டுச்செல்கிறது, இரண்டாவது நற்கருணைக்கு. ஓரிகன் ஆன்மிகப் பக்கமே சாய்ந்தார்: ஆன்மாவின் உள்பொருளோடு சேர்ந்து அதை வளர்க்கும் உணவு என்றார்.

இரண்டாம் வழி: ‘எபியேனாய்’ என்ற வினை. ‘அடுத்து வருதல்’ என்று பொருள். அதன் பெண்பால் எச்சவடிவம் ‘எபியூசா’. ‘நாள்’ என்பதற்கான கிரேக்கச் சொல் பெண்பால் என்பதால், ‘ஹே எபியூசா’ என்று சொன்னாலே ‘வரும் நாள்’ என்று விளங்கிவிடும். அதிலிருந்து பிறந்தால் எபியூசியோஸ் என்பது ‘வரும் நாளுக்கான’.

மூன்றாம் வழி: ‘எபி தேன் ஊசான்’, அதாவது ‘இருக்கிற நாளுக்கு’, ‘இன்றைக்கு’ என்ற தொடர் ஒட்டி ஒரே சொல்லானது என்பது. இதற்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் ‘இன்றைக்கான அப்பத்தை இன்று தாரும்’ என்று ஒரே வரியில் இரண்டு தடவை இன்று வந்துவிடுகிறது. அந்த எச்சத்தை நாளுக்கு இப்படித் தனியே ஆளும் வழக்கும் கிரேக்கத்தில் பலமாக இல்லை. இதை இத்தோடு விடலாம்.

முதல் இரண்டில் எது என்று தீர்மானிக்க உதவுவது புணர்ச்சி இலக்கணம். தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். நம் மொழியில் இகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் இடையில் யகர உடம்படுமெய் தோன்றும்: மணி + அடித்தான் = மணியடித்தான். கிரேக்கம் வேறு வழியில் போகும். முன்னொட்டின் கடைசி இகரத்தைத் தூக்கி எறிந்துவிடும்; நம் குற்றியலுகரம் ‘மெய்விட்டு ஓடுவது’ போல. எபி + ஊரனோஸ் (வானம்) சேர்ந்தால் ‘எபூரானியோஸ்’ என்றுதான் ஆகிறது, இகரம் நிற்பதில்லை. பவுல் நிருபங்களில் ‘பரலோகத்துக்குரிய’ என்ற பொருளில் அடிக்கடி வரும் சொல் அது. அங்கே ‘எபி’க்குப் பின் வருவதும் ஊகாரம்தான் என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் எபி + ஊசியா சேர்ந்தால் ‘எபூசியோஸ்’ என்று வந்திருக்க வேண்டும். உண்மையிலேயே ஊசியாவிலிருந்து பிறந்த ‘எபூசியோதேஸ்’ என்ற சொல் மெய்யியல் நூல்களில் உண்டு. அதில் இகரம் இல்லை.

சரி, இரண்டாம் வழியில் மட்டும் இகரம் எப்படித் தப்பியது? அங்கே நாம் காணும் இகரம் முன்னொட்டினுடையது இல்லை, வினையினுடையது. ‘போதல், வருதல்’ என்ற அந்த வினையின் வேரே ‘இ’ என்ற ஒற்றை உயிர்தான். முன்னொட்டின் இகரம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. வினைப்பகுதியின் இகரம் விழாது. விழுந்தால் வினையே மிஞ்சாது. எச்சத்திலிருந்து ‘-ஊசியோஸ்’ என்று பெயரடை பிறப்பதற்கும் கிரேக்கத்தில் முன்மாதிரி இருக்கிறது: ‘மனமுவந்த’ என்ற ‘ஹெகோன்’, அதன் பெண்பால் ‘ஹெகூசா’, அதன் இனமாக ‘ஹெகூசியோஸ்’. அதே அச்சில் எபியூசா, எபியூசியோஸ். வார்த்தெடுத்தது போலப் பொருந்துகிறது.

ஊசியா வழியில் போன ஓரிகன் பக்கத்துக்கும் ஒரு வாதம் இருக்கிறது. ‘எபியேகேஸ்’ (சாந்தமான) போன்ற சில சொற்களில் உயிருக்கு முன்னாலும் எபியின் இகரம் நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது, உண்மை. ஆனால் அந்தச் சொல்லின் இரண்டாம் பகுதி ஒரு காலத்தில் வகரம் போன்ற மெய்யொலியோடு தொடங்கியது. மெய் பின்னால் மறைந்தது, இகரம் பழக்கத்தில் தங்கிவிட்டது. ஊசியாவுக்கு அப்படி மறைந்த மெய் எதுவும் இல்லை. ஓரிகன் துணைக்கு அழைத்த ‘பெரியூசியோஸ்’ என்ற சொல்லும் உதவாது. தீத்து 2:14இல் ‘தமக்குரிய சொந்த ஜனங்கள்’ என்று தமிழில் வருவது அது. ‘பெரி’ என்ற முன்னொட்டு எந்த உயிருக்கு முன்னாலும் தன் இகரத்தை விடாது. அது அதன் குணம். எபிக்கு அந்தக் குணம் கிடையாது.

‘எபியூசா’ வெறும் ஏட்டுச் சொல்லும் இல்லை. அப்போஸ்தலர் 16:11இல் பவுல் துரோவாவில் கப்பலேறி, சாமோத்திராக்கே போய், ‘மறுநாளிலே’ நெயாப்போலி சேர்ந்தார் என்று வருகிறதே, அந்த ‘மறுநாளிலே’ கிரேக்கத்தில் ‘தே எபியூசே’. லூக்கா இந்தச் சொல்லை அப்போஸ்தலர் நடபடிகளில் ஐந்து இடங்களில் ஆள்கிறார். தன் நற்செய்தியில் எபியூசியோஸை எழுதியவரும் அவரேதான்.

இப்போது எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். ‘நாளைக்கான அப்பத்தை இன்றே தாரும்’ என்று கேட்கச் சொன்னவர், அதே அதிகாரத்தில் 23 வசனம் தள்ளி ‘நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்’ என்றும் சொல்வாரா? நாளைய அப்பம் என்ற பொருளைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு செய்திகள் இந்த முரணை ஏறக்குறையக் கரைத்துவிடுகின்றன. முதலாவது, ‘எபியூசா’ எப்போதும் ‘நாளை’ இல்லை. பேசும் நேரத்தைப் பொறுத்தது. பிளேட்டோவின் ‘கிரித்தோன்’ உரையாடலில் சாக்ரடீஸ் சிறையில் இருக்கிறார். விடியலுக்கு முந்திய இருட்டு. தான் சாக வேண்டிய நாளைக் குறிக்கும் கப்பல் ‘வருகிற நாளில்’ வராது, அதற்கு மறுநாள்தான் வரும் என்கிறார். அந்த ‘வருகிற நாள்’ எபியூசா; இன்னும் சில நாழிகையில் விடியப் போகும் நாள் அது. ஆக, காலையில் செபிப்பவருக்கு எபியூசியோஸ் அப்பம் இன்றைய பகலுக்கான அப்பம். இரவில் செபிப்பவருக்கு நாளைக்கானது. தினமும் மூன்று வேளை சொல்லப்பட்ட செபத்துக்கு இப்படி வளைந்து கொடுக்கும் சொல் வாகாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது, கூலிக்காரர் வாழ்க்கை. மத்தேயு 20இல் திராட்சைத் தோட்ட வேலையாட்களுக்கு நாள் முடிந்து சாயங்காலத்தில்தான் கூலி கொடுக்கப்படுகிறது, ஆளுக்கு ஒரு தெனாரியம். சூரியன் அஸ்தமிக்கும் முன் கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை என்று உபாகமம் 24:15 சட்டமே போட்டிருக்கிறது. சாயங்காலக் கூலியில் வாங்கும் தானியம் மாவாகி அப்பமாவது பெரும்பாலும் அடுத்த நாளுக்கு. யூதருக்கு நாள் தொடங்குவதும் சூரிய அஸ்தமனத்தில்தான். கூலி கைக்கு வரும் அதே பொழுதில் ‘வரும் நாள்’ ஆரம்பித்துவிடுகிறது. நாட்கூலி வீட்டில் ‘நாளைக்கு உலையேற்ற இன்றைக்கே அரிசி வேண்டும்’ என்று சொன்னால் யாரும் அதைப் பேராசை என்று நினைக்க மாட்டார்கள், நாளைய கவலை என்றும் குறை சொல்ல மாட்டார்கள். இன்று கிடைத்தால்தான் நாளைக் கவலை போகும்.

வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதையும் இங்கே பக்கபலம். ஆளுக்கு ஒரு ஓமர், அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர். மிச்சம் பிடித்து வைத்தால் புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், ஓய்வுநாளுக்கும் சேர்த்து. நாளைய அப்பம் இன்றே வந்த நாள் அது ஒன்றுதான். அதனால் சிலர் எபியூசியோஸ் அப்பத்தை, வரப்போகும் கடவுளாட்சியின் விருந்தாக, பெரிய ஓய்வுநாளின் அப்பமாக விரித்துப் பொருள் கொள்கிறார்கள். அழகான வாசிப்பு. ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் என்று அதை நிறுத்த முடியாது.

இனி மொழிபெயர்ப்பாளர்கள் சாட்சி. முக்கியமானவர் எரோணிமுஸ். திருத்தந்தை தமாசுஸ் கேட்டுக்கொண்டபடி, 380களில் பழைய லத்தீன் நற்செய்திகளைத் திருத்தினார். அதுவரை லத்தீனில் இரண்டு நற்செய்தியிலும் ‘குவோத்திதியானும்’, அதாவது ‘அன்றாட’ என்றே இருந்தது. அவர் லூக்காவில் அதை அப்படியே விட்டுவிட்டு, மத்தேயுவில் மட்டும் ‘சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்’, ‘பொருளுக்கு மேற்பட்ட’ என்று மாற்றினார். ஒரே செபம், ஒரே கிரேக்கச் சொல், ஒரே திருத்துநர், இரண்டு பெயர்ப்பு! வழிபாட்டில் மட்டும் பழைய ‘அன்றாட’ அசையாமல் நின்றது. மேற்கத்தியர் வேதத்தில் ஒன்றை வாசித்து, பூசையில் இன்னொன்றைச் சொல்லி வந்தார்கள். 1582இன் ரீம்ஸ் ஆங்கிலப் புதிய ஏற்பாடு மத்தேயுவில் எரோணிமுஸைப் பின்பற்றியது. இடைக்காலப் பிரான்சின் கத்தாரர்கள் என்ற பிரிவினர் தங்கள் செபத்திலேயே ‘பொருளுக்கு மேற்பட்ட அப்பம்’ என்று சொன்னார்கள். உலகப் பொருளைத் தீமையாகக் கண்டவர்களுக்கு அந்தச் சொல் இனித்ததில் வியப்பில்லை.

எரோணிமுஸே இன்னொரு துப்பையும் விட்டுச் சென்றிருக்கிறார். மத்தேயு உரையில், ‘எபிரேயர் நற்செய்தி’ என்ற நூலில் இந்த இடத்தில் ‘மாஹார்’ என்று கண்டேன் என்கிறார். மாஹார் என்றால் நாளை. அந்த நூல் இன்று கைக்குக் கிடைக்கவில்லை. அது மத்தேயுவின் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால், மாஹார் ஒரு மொழிபெயர்ப்பாளரின் ஊகமாகவே முடியக்கூடும். என்றாலும், அரமாயம் பேசிய கிறிஸ்தவர்கள் இந்தச் செபத்தை ஏட்டைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், நாவில் பழகியபடிதான் சொல்லியிருப்பார்கள் என்பதால் இந்தச் சாட்சிக்கு எடை கூடுகிறது. எகிப்தில் கோப்திக் மொழியின் பொஹைரிக் வழக்கில் ‘நாளைய எங்கள் அப்பம்’ என்றே பெயர்த்தார்கள். கோப்தியத் திருச்சபை வழிபாட்டில் இன்றும் அதுதான்.

மற்றவர்கள்: அரமாயத்தின் ஒரு கிளையான சிரியாக் மொழியின் பழைய பெயர்ப்பு ‘இடையறாத அப்பம்’ என்றது. பிறகு நிலைத்த சிரியாக் வேதமான பெஷித்தா ‘எங்கள் தேவைக்கான அப்பம்’ என்று மாற்றியது. கிரேக்கத் தந்தையரில் கிறிசோஸ்தோம் ‘ஒரு நாளுக்கான அப்பம்’ என்று எளிமையாக முடித்துக்கொண்டார். எருசலேமின் சிரில் நற்கருணைப் பக்கம் போனார். மிலானின் அம்புரோஸ் இரண்டையும் முடிச்சுப்போட்டார்: கிரேக்கர் இதைப் பொருளுக்கு மேற்பட்டது என்கிறார்கள், லத்தீனர் அன்றாடம் என்கிறார்கள், அன்றாட அப்பம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நற்கருணை வாங்குவானேன் என்று கேட்டார். ஸ்லாவிய மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து ‘நசூஷ்னி’ என்று புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். ‘ந’ எபிக்கு, ‘சூஷ்’ ஊசியாவுக்கு. இன்றைய ரஷ்ய மொழியில் அது ‘அத்தியாவசியமான’ என்ற சாதாரணச் சொல்லாகிவிட்டது. செபத்துக்காகப் பிறந்த சொல் செய்தித்தாளுக்குப் போய்விட்டது.

இங்கே பாப்பிரஸ் (எகிப்திய நாணல் ஏடு) கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய உரை நூல்களில் அது இன்னும் உலவுகிறது. எகிப்தின் ஹவாராவில் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ்களில் ஒன்று வீட்டுச் செலவுக் கணக்கு. 1889இல் அதை வாசித்து வெளியிட்ட சேய்ஸ், ஒரு வரியில் ‘எபியூசி…’ என்று தொடங்கும் சொல்லுக்கு நேரே அரை ஓபோல் (ஒரு கிரேக்கச் சிறுகாசு) என்று படித்தார். அவ்வளவுதான், ‘சொல் கிடைத்துவிட்டது! அன்றாடப் படிக்காசு என்று பொருள்!’ என்று அகராதிகள் ஏற்றிக்கொண்டன. பிறகு அந்த ஏடே காணாமல் போனதால் யாராலும் சரிபார்க்க முடியவில்லை. சேய்ஸ் கவனமாகப் படிப்பவர் இல்லை என்ற முணுமுணுப்பு மட்டும் இருந்துகொண்டே இருந்தது. 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஏடு மீண்டும் அகப்பட்டது. மறுபடி படித்துப் பார்த்ததில் அங்கே இருந்தது ‘எலையு’. எண்ணெய்! கடைச் செலவில் எண்ணெய்க்கு அரை ஓபோல். நூறாண்டுகளாக எண்ணெய்க் காசை அப்பக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆகவே ‘பாப்பிரஸில் இருக்கிறது, அன்றாடப் படி என்றுதான் பொருள்’ என்று எந்த நூலாவது சொன்னால், அது 1999இல் மறுவாசிப்பு வெளியாவதற்கு முந்திய செய்தி.

தமிழுக்கு வருவோம். பழைய திருப்புதல் வேதாகமம் மத்தேயுவில் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று’ என்கிறது. லூக்காவில் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்றும்’. இரண்டிலும் எபியூசியோஸுக்கு ஒரே சொல்: ‘வேண்டிய’. பெஷித்தாவின் ‘தேவைக்கான’ என்பதற்கு மிக அருகில் நிற்கும் பெயர்ப்பு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யாக்கோபு 2:15இல் சகோதரன் ஒருவன் ‘அநுதின ஆகாரமில்லாமல்’ இருப்பதைப் பற்றி வருகிறது. அங்கே கிரேக்கச் சொல் ‘எபேமெரோஸ்’, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ‘ஒரு நாளுக்கான’. அதற்கு ‘அநுதின’ என்ற சொல்லை வைத்துவிட்டு, எபியூசியோஸுக்கு வேறு சொல் தேடியிருக்கிறார்கள். இந்த வேறுபாடு கிரேக்கத்தில் இருப்பது, தமிழிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

கத்தோலிக்கச் செபத்தின் ‘அனுதின’ லத்தீன் வழிபாட்டு வாசகமான குவோத்திதியானுமின் வழித்தோன்றல். அதை ‘தவறு’ என்று சொல்ல முடியாது. எரோணிமுஸுக்கும் முந்திய வாசிப்பு அது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மத்தேயுவில் ‘இன்று தேவையான உணவை எங்களுக்குத் தாரும்’ என்றும், லூக்காவில் ‘எங்கள் அன்றாட உணவை நாள்தோறும் எங்களுக்குத் தாரும்’ என்றும் வைத்திருக்கிறது. இங்கே இரண்டு சிக்கல். மத்தேயு வரியில் ‘இன்று’ என்பது ‘தாரும்’ என்ற வினையை விட்டு ‘தேவையான’ பக்கம் ஒட்டிக்கொண்டது. லூக்காவில் ‘அன்றாட’, ‘நாள்தோறும்’ என்று ஒரே கருத்து இருமுறை வருகிறது. லூக்கா ‘நாளுக்கு நாள்’ என்பதற்கு ‘தொ கத் ஹேமெரான்’ என்று தனித் தொடரே வைத்திருக்கிறார். எபியூசியோஸும் ‘அன்றாட’ என்றே பொருள்படும் என்றால், அவர் ஏன் இரண்டு தடவை சொன்னார்? ‘அன்றாட’ என்ற பெயர்ப்புக்கு எதிரான நல்ல வாதங்களில் இது ஒன்று, அதுவும் தமிழ் வாசகத்தை வைத்தே காட்டிவிடலாம்.

‘அப்பம்’ என்ற சொல் இந்தச் செபத்தில் ‘ஆகாரம்’, ‘உணவு’ என்று மாறியதையும் சிலர் கேட்பார்கள். மத்தேயு 4:4இல் ‘மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல’ என்று வரும் அதே ‘ஆர்தோஸ்’தான் இங்கும். எபிரேயத்தில் அப்பத்துக்கான ‘லெஹெம்’ பொதுவாக உணவையும் குறிக்கும். நாம் ‘சோறு’ என்பதை உணவு மொத்தத்துக்கும் சொல்வது போல. லூத்தர் 1529ஆம் ஆண்டின் சிறிய ஞானோபதேசத்தில் இந்த அப்பத்துக்குள் உடை, செருப்பு, வீடு, வயல், கால்நடை, நல்ல அரசு, நல்ல மழைவெயில், நல்ல அயலார் வரை அடக்கிவிட்டார்.

வேதபாட வகுப்பில் இந்தச் சொல்லை எடுப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. ‘இயேசுவே உருவாக்கிய சொல்’ என்பார்கள். அவர் செபத்தைக் கற்பித்த மொழி அரமாயம். எபியூசியோஸ் அதைக் கிரேக்கத்தில் ஆக்கியவரின் கைவேலை. மத்தேயுவும் லூக்காவும் இந்த அரிய சொல்லில் ஒத்துப்போவதே, இருவருக்கும் முன்னால் ஒரு கிரேக்க வடிவம் இருந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அடுத்தது, ‘எபி என்றால் மேல், ஊசியா என்றால் பொருள், ஆகவே பொருளுக்கு மேலானது’ என்று கூட்டல் கணக்குப் போடுவது. ‘மேற்பட்ட, கடந்த’ என்று சொல்லக் கிரேக்கத்தில் ‘ஹூப்பர்’ என்ற முன்னொட்டு தயாராக இருக்கிறது. ‘ஹூப்பரூசியோஸ்’ என்ற சொல்லைப் பிற்கால மெய்யியலார் அந்தப் பொருளில்தான் ஆண்டார்கள். அதோடு, வேர்ப்பொருளைக் கூட்டினால் சொற்பொருள் வந்துவிடாது. நான்கு கால் உள்ளதெல்லாம் நாற்காலி என்றால் மாட்டின்மேல்தான் உட்கார வேண்டும். காரணம் இருந்தும் ஒரு பொருளுக்கே வழங்கும் பெயரை நம் இலக்கணக்காரர்கள் காரண இடுகுறி என்று தனியாகப் பிரித்தது இதற்காகத்தானே.

மூன்றாவது சறுக்கல், ஒவ்வொரு சொல்லுக்கும் எண் கொடுத்திருக்கும் கிரேக்க வேத அகராதியில் சொல்லைத் தேடி, அங்கே வரிசையாகத் தந்திருக்கும் நான்கு பொருளையும் சேர்த்து, ‘அன்றாடமான, தேவையான, நாளைக்கான, மேலான அப்பம்’ என்று பிரசங்கம் செய்வது. அகராதி தருவது போட்டியிடும் நான்கு விளக்கங்கள். ஒரே சொல் ஒரே வாக்கியத்தில் நான்காகவும் இருக்காது. சரிபார்க்க நினைப்பவர் முதலில் மத்தேயு 6:11ஐயும் லூக்கா 11:3ஐயும் அருகருகே வைத்து ‘இன்று’, ‘அன்றன்றும்’ என்ற வேறுபாட்டைப் பார்க்கட்டும். பிறகு அப்போஸ்தலர் 16:11, பிறகு யாத்திராகமம் 16, கடைசியாக மத்தேயு 6:34. இந்த வரிசையில் போனால் அகராதி சொல்வது எங்கே வலுவானது, எங்கே ஊகம் என்று தானே தெரிந்துவிடும்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு மிக நெருக்கமான கருத்து செபத்துக்கு வெளியே, நீதிமொழிகள் 30:8இல் கிடக்கிறது. ‘தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.’ எபிரேயத்தில் ‘எனக்கு அளவிட்ட அப்பம்’ என்பது அங்கே ‘படி’ ஆயிற்று. எபியூசியோஸுக்குப் பின்னால் இந்த வசனம் இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பெஷித்தாவின் ‘தேவைக்கான’ என்பதும் இந்தத் திசையில்தான் போகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6:6இல் ‘ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை’ என்று வரும் படியும் கிரேக்கத்தில் ‘கோய்னிக்ஸ்’, சுமார் ஒரு லிட்டர், ஓர் ஆளின் ஒரு நாள் தானியம். அந்தப் பஞ்ச காலத்தில் ஒரு நாள் கூலி முழுக்க அந்த ஒரு படிக்கே போய்விடும் என்பது அங்கே செய்தி.

இன்றைய கிரீஸில் ‘எபியூசியோஸ்’ என்றால் யாரும் திகைப்பதில்லை. உழைத்துப் பிழைப்பவரைப் பற்றி ‘தன் எபியூசியோஸைச் சம்பாதிக்கிறார்’ என்பார்கள். நாம் ‘அன்னன்னைக்குப் பாடு கழிகிறது’ என்பதைப் போல.